கையெழுத்து வைக்காத கடிதம்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் நிகழ்த்திய உரை. மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்தில் தரப்படுகிறது.)



"விளையாட்டும் எங்கள் பிள்ளைகளும்" என்று ஒரு தலைப்பைத் தந்து, பதினைந்து நிமிடம் பேசுங்கோ அண்ணை என்று கேட்டிருக்கினம். விளையாட்டைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாக வென்றவர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் இண்டைக்கு உங்களுக்குச் சொல்லப் போவது பெரிதாக வெல்லாத ஒருவரின் கதை. உலகத்திலேயே பெரிய பேஸ்போல் லீக்கில் அவர் ஆடியது 62 ஆட்டம். அடித்த ஹோம் ரன் ஒன்றே ஒன்று. பெயர் டொனால்ட் லுட்ஸ். எங்கட ஹெசன் மாநிலத்தில், பிராங்பேர்ட்டுக்கு வடக்கே இருக்கிற பிறீட்பேர்க்கில் வளர்ந்த பிள்ளை.

பேஸ்போல் என்றால் என்ன என்று அம்மாமார் ஒருவரையொருவர் பார்க்கிறது எனக்குத் தெரியுது. ஊரில் பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லே விளையாடினோம், ஞாபகம் இருக்குதோ? மூங்கில் தடியால் பந்தை விளாசிப் போட்டு, கம்பத்துக்குக் கம்பம் ஓடி வரவேணும். அதன் பெரியண்ணன்தான் பேஸ்போல். மைதானத்துக்கு வெளியே போய் விழுகிற மாதிரிப் பந்தை அடித்துவிட்டு, நான்கு மூலையையும் ஆறுதலாகச் சுற்றி வந்தால் அது ஹோம் ரன்.

ஜேர்மனியில் இந்த விளையாட்டு வேர் விட்டதற்குப் பெரிய காரணம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கே வந்து தங்கிய அமெரிக்க இராணுவம்தான். பிறீட்பேர்க்கிலும் ஒரு முகாம் இருந்தது. எல்விஸ் பிறெஸ்லி 1958 தொடக்கம் 1960 வரை சிப்பாயாக வேலை செய்த முகாம் அது. 1980களில் இங்கே வந்து இறங்கிய எங்களில் பலர் பிராங்பேர்ட் ரயில்களில் அந்தச் சிப்பாய்மாரைப் பார்த்திருப்பியள். முகாம்கள் பிறகு ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனால் அவர்கள் விட்டுப்போன விளையாட்டு நிண்டுவிட்டது. பேஸ்போலுக்கும் ஒரு புண்டஸ்லீகா 1984 முதல் இருக்கிறது. உதைபந்தாட்டம் மாதிரிக் காசு அதில் இல்லை. ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் பகலில் படிப்பார்கள், அல்லது வேலைக்குப் போவார்கள்.

லுட்ஸ் 1989இல் அமெரிக்காவில் பிறந்தவர். தாய் ஜேர்மன்காரி. கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கே வந்துவிட்டார். முதலில் விளையாடியது ஐஸ் ஹொக்கி. பேஸ்போல் மட்டையைக் கையில் எடுத்தது பதினைந்து, பதினாறு வயதில்தான். அமெரிக்கப் பிள்ளைகள் ஐந்து வயதில் தொடங்குகிற விளையாட்டு அது. பிறகு பயேர்ன் மாநிலத்து றேகென்ஸ்பூர்க்கில், பேஸ்போல் பழகும் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதிக்குப் போனார். 2007இல், பதினெட்டு வயதில், அமெரிக்காவின் சின்சினாட்டி ரெட்ஸ் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது.

இந்த இடத்தில் என்னுடைய கதை கொஞ்சம் சொல்லவேணும். சொல்லாமல் போனால் நான் ஏன் இந்த மனிதனைப் பற்றிப் பேசுகிறேன் என்று உங்களுக்கு விளங்காது.

என் மகனும் 1989இல் பிறந்தவன். வகுப்புத் தோழன் ஒருவன் கூட்டிக்கொண்டு போனதால் பன்னிரண்டு வயதில் பேஸ்போல் தொடங்கினான். நான் ஒரேயொரு ஆட்டம்தான் போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "இது எங்கட எல்லேயடா" என்று சொல்லிச் சிரித்தது ஞாபகம். மற்ற நாட்களில் எனக்கு உணவகத்தில் வேலை. சனி, ஞாயிறு என்றால் குசினியில் நிமிர நேரமில்லை.

2006இல் ஒரு கடிதம் வந்தது. வேறொரு மாநிலத்தில் விளையாட்டு விடுதி. அங்கே வந்து தங்கிப் படிக்கலாம், பயிற்சியும் தருவோம், பதினெட்டு வயது ஆகாதபடியால் பெற்றோர் கையெழுத்து வேணும் என்று எழுதியிருந்தது. அதே நேரத்தில் மகனுக்கு ஒரு மின்சார வேலை நிறுவனத்தில் அவுஸ்பில்டுங் இடமும் கிடைத்திருந்தது. என் முதலாளியின் கையைக் காலைப் பிடித்து நான் எடுத்துக் கொடுத்த இடம்.

அந்தக் கடிதத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை. "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. அலுமாரிக்குள்ளே, காப்புறுதிக் கடிதங்களுக்கு அடியில் வைத்துவிட்டேன். மகன் ஒருக்கால் கேட்டான். "பிறகு பாப்பம்" என்றேன். திகதி முடிந்துபோச்சு. அவன் திரும்பக் கேட்கவில்லை. செப்டெம்பர் மாதம் நீல நிற வேலை உடுப்புப் போட்டுக்கொண்டு அவுஸ்பில்டுங்குக்குப் போனான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இங்கே இருக்கிற என் வயதுக்காரருக்குக் கையெழுத்து என்றால் என்ன பயம் என்று தெரியும். வந்த புதிதில் விளங்காத பாஷையில் நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்து வைத்தோம். அடைக்கல வழக்கு முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டி அடுத்த ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகவும் அனுமதிக் கடிதம் வேணும். டுல்டுங் தாளை மூன்று மாதம், ஆறு மாதம் என்று நீட்டிக்கொண்டு வாழ்ந்தோம். அப்படி வாழ்ந்தவனுக்கு நிச்சயம் என்ற ஒரு சொல்தான் பெரிய சொல். மின்சார வேலை நிச்சயம், பந்து நிச்சயமில்லை. என் கணக்கு அவ்வளவுதான்.

ஏழு வருடம் போனது. 2013 ஏப்ரல் கடைசியில் மகன் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து காட்டினான். "அப்பா, பாருங்கோ. பிறீட்பேர்க் பெடியன். மேல் லீக்கில் இறங்கியிட்டான்." ஏப்ரல் 29ஆம் திகதி லுட்ஸ் சின்சினாட்டிக்காக முதல் ஆட்டம் ஆடினார். ஜேர்மனியில் விளையாடிப் பழகி அமெரிக்காவின் மேல் லீக்கை எட்டிய முதல் ஆள் அவர்தான். அடுத்த மாதம் 12ஆம் திகதி, அன்னையர் தினத்திலன்று, ஹோம் ரன் அடித்தார். மகன் சந்தோசமாகத்தான் காட்டினான். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ஆனால் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. அலுமாரியில் இருந்த அந்தக் கடிதம்தான் கண்ணுக்குள்ளே நிண்டது.

இனி நான் சொல்லப்போவது எனக்கு வெட்கமான விஷயம். ஆனாலும் சொல்லத்தான் வேணும்.

2014இல் லுட்ஸ் இன்னும் 28 ஆட்டம் ஆடினார். சரியாக அமையவில்லை. 2015இல் முழங்கையில் காயம், சத்திர சிகிச்சை. அதற்குப் பிறகு மேல் லீக்குக்கு அவர் திரும்பவில்லை. அந்தச் செய்தியைக் கேட்டபோது என் மனதுக்குள் ஒரு ஆறுதல் வந்தது. "பாத்தியா, நான் செய்தது சரிதானே" என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்னொரு தாய் பெற்ற பிள்ளையின் கை முறிந்ததில் என் நியாயத்தைத் தேடியிருக்கிறேன். அன்றைக்குத்தான் இந்த விளையாட்டையும் இதில் ஆடுகிறவர்களின் வாழ்க்கையையும் ஒழுங்காகத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் சிலதை உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளைகள் எந்த விளையாட்டில் இருந்தாலும் உதவும்.

முதலாவது, காசு. அமெரிக்காவின் மேல் லீக்கில் 30 கழகங்கள். 2013இல் அங்கே ஆடுகிறவரின் ஆகக் குறைந்த வருடச் சம்பளம் 4,90,000 டொலர். கேட்க வாய் பிளக்கும். ஆனால் மேல் அணியில் பெயர் இருக்கும் நாட்களுக்குத்தான் அந்தக் கணக்கு. கீழே இறக்கிவிட்டால் சம்பளமும் இறங்கும். கீழே என்பது சிறு லீக். நான்கைந்து படிகள். ஆயிரக்கணக்கான பெடியள் பஸ்ஸில் இரவு இரவாகப் பிரயாணம் செய்து ஆடுகிற இடம். அடிப்படியில் வருடச் சம்பளம் 2022 வரைக்கும் 4,800 டொலர் அளவில்தான் இருந்தது. உச்சப் படியில் 17,500. 2023இல்தான் சிறு லீக் ஆட்டக்காரருக்கு முதலாவது கூட்டு ஒப்பந்தம் வந்து, அடிப்படியில் 19,800, உச்சியில் 35,800 என்று உயர்ந்தது. தங்க இடம் கழகமே கொடுக்கவேணும் என்பதும் 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் ஐந்தாறு பேர் ஒரு வாடகை வீட்டில் நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். எங்களுக்குத் தெரியாத வாழ்க்கையா அது? லுட்ஸ் அந்தப் படிகளில் ஆறு வருடம் ஏறியபிறகுதான் மேலே போனார்.

இரண்டாவது, உடம்பு. பந்து எறிகிறவர்களின் முழங்கை உட்பக்கத்தில் ஒரு தசைநார் உண்டு. அது அறுந்தால் முன்பு அவனுடைய விளையாட்டு முடிந்தது. 1974இல் பிராங்க் ஜோப் என்ற வைத்தியர், ரொமி ஜோன் என்ற ஆட்டக்காரருக்கு உடம்பின் வேறோர் இடத்திலிருந்து நாணை எடுத்து முழங்கையில் பொருத்தினார். 1976இல் அவர் திரும்ப வந்து, 1989 வரை எறிந்தார். இன்றைக்கும் அந்தச் சத்திர சிகிச்சையை அவருடைய பெயரால்தான் சொல்கிறார்கள். லுட்ஸுக்குச் செய்ததும் அதுதான். ஆனால் தேறிவர ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகும். அதற்குள் அந்த இடத்துக்குப் புதுப் பெடியன் வந்து நிற்பான்.

மூன்றாவது, எங்கட பக்கத்து நாட்டுக் கதை. உத்தரப் பிரதேசத்தில் ஒரு லொறிச் சாரதியின் மகன் ரிங்கு சிங். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். ஈட்டி எறிகிறவர். 2008இல் இந்தியாவில் வேகமாகப் பந்து எறிகிறவரைத் தேடி ஒரு போட்டி வைத்தார்கள். முப்பத்தேழாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் முதலாவதாக வந்து 1,00,000 டொலர் பரிசு பெற்றார். பேஸ்போல் எப்படி இருக்கும் என்று அதற்கு முன் அவருக்குத் தெரியாது. அந்த வருடமே அவரையும் தினேஷ் பட்டேல் என்பவரையும் பிற்ஸ்பேர்க் பைரேட்ஸ் கழகம் எடுத்தது. தினேஷை 2010இல் விட்டுவிட்டார்கள். அவர் ஊருக்குத் திரும்பினார். ரிங்கு 2009 முதல் சிறு லீக்கில் ஆடினார், கீழ்ப்படிகளில் நன்றாகவும் எறிந்தார். பிறகு கைக் காயம் வந்து பருவம் பருவமாக இழந்தார். மேல் லீக் ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. 2014இல் அவர்களுடைய கதை அமெரிக்காவில் படமாக வந்தது. இசை எங்கட ஏ. ஆர். ரகுமான். படம் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுகிறது. வாழ்க்கை அங்கே முடியவில்லையே! 2018இல் ரிங்கு அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்த நிகழ்ச்சிக்குப் போனார். 2024இல் அதுவும் முடிந்தது. 2025இல் விருந்தாவனத்தில் ஆன்மீக வழியில் சேவை செய்கிறார் என்று படத்தோடு செய்தி வந்தது. இதில் எது வெற்றி, எது தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மனிதன் ஒரு வாழ்க்கைக்குள் மூன்று தரம் புதிதாகத் தொடங்கியிருக்கிறான். அகதியாக வந்த எங்களுக்கு அதன் பாரம் தெரியும்.

லுட்ஸ் என்ன ஆனார் என்று கேட்பியள். விளையாட்டை விட்டபிறகு பயிற்சியாளர் ஆனார். 62 ஆட்டம் ஆடியவரிடம் பழக என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடாது. எல்லாம் இலகுவாக வந்தவனைவிட, தட்டுத் தடுமாறிப் படியேறியவனுக்குத்தான் தடுமாறுகிற பிள்ளையைத் தெரியும். அதோடு அவர் திறந்த கதவால் மற்றவர்களும் போனார்கள். பெர்லினில் பிறந்து றேகென்ஸ்பூர்க் விடுதியில் பழகிய மக்ஸ் கெப்லர் 2015இல் மேல் லீக்குக்குப் போய், 2019இல் ஒரே பருவத்தில் 36 ஹோம் ரன் அடித்தார். முன்னே ஒருவன் போனது தெரிந்தால் பின்னே போகிறவனுக்குத் துணிவு கூடும்.

எங்கட ஆட்களிலும் ஒருவரைச் சொல்லவேணும். யாழ்ப்பாணம் பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தவர். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் 6 அடி 8 அங்குலம் பாய்ந்து இலங்கைக்கு முதல் தங்கம் எடுத்துக் கொடுத்தவர். அவர் அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் படித்துக் கலாநிதிப் பட்டம் எடுத்து, பல நாடுகளில் ஆசிரியராக இருந்து, எங்கள் பிள்ளைகளின் கல்விக்காகவும் உழைத்து, 2024இல் காலமானார். அவர் தொழில்முறை ஆட்டக்காரர் இல்லை, சம்பளம் வாங்கிப் பாயவில்லை. ஆனாலும் பாய்ச்சல் நிண்ட பிறகு அவர் வாழ்ந்த வருடங்கள்தான் அதிகம். எல்லா விளையாட்டு வீரருக்கும் அப்படித்தான். முப்பது வயதில் விளையாட்டு முடியும். அதற்குப் பிறகு நாற்பது, ஐம்பது வருடம் இருக்கு.

சரி, என்னுடைய கதையை முடிக்கிறேன்.

என் மகன் இப்ப மின்சார வேலையில் மைஸ்டர். நல்லா இருக்கிறான். போன வருடம் வீடு மாறும்போது அந்த அலுமாரியைக் கழற்றினோம். கடிதம் வெளியே வந்தது. பத்தொன்பது வருடப் பழசு. இரண்டு பேரும் நிலத்தில் இருந்துகொண்டு அதைப் பார்த்தோம். நான் கேட்டேன்: "தம்பி, உனக்கு என்னில கோபம் இருக்கோ?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "நான் போயிருந்தாலும் பெரிய ஆளா வந்திருக்க மாட்டன் அப்பா. வளைஞ்சு வாற பந்தை அடிக்க எனக்கு ஒருநாளும் வரேல்லை. ஆனா நீங்கள் வேண்டாம் எண்டு ஒருக்கால் சொல்லியிருந்தால், நான் உங்களோட சண்டை பிடிச்சிருப்பன். அதுக்குக்கூட நீங்கள் இடம் தரேல்லை."

அவ்வளவுதான் சொன்னான். எழும்பிப் போய்ப் பெட்டி தூக்கத் தொடங்கினான். நான் கன நேரம் அந்த இடத்திலேயே இருந்தேன்.

பெற்றோர்களே, நான் கையெழுத்து வைத்திருக்கவேணுமா, கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு முடிவு தெரியாது. லுட்ஸ் விடுதிக்குப் போனார். மேலேயும் போனார், கையும் முறிந்தது. நான் வைக்கவில்லை, மகன் மைஸ்டர் ஆனான், ஆனால் ஒரு கேள்வி வீட்டுக்குள்ளே பத்தொன்பது வருடம் கிடந்தது. என்னுடைய பிழை எங்கே என்று மட்டும் தெரியும். பிள்ளையை மேசையில் இருத்திப் பேசாமல் விட்டதுதான் பிழை.

அதனால் அப்படி ஒரு கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்தால் மூன்று விஷயத்தைக் கேளுங்கோ. அங்கே போனால் பள்ளிக்கூடச் சான்றிதழ் அல்லது அவுஸ்பில்டுங் கடைசிவரைக்கும் சேர்ந்து ஓடுமா? காயம் வந்தால் வைத்தியத்தையும் காப்புறுதியையும் யார் பார்ப்பார்கள்? இடையில் "போதும், வீட்டுக்குப் போ" என்று விட்டால், திரும்பி வருகிற பிள்ளைக்கு எந்த வகுப்பு, எந்த வேலை காத்திருக்கும்? கழகத்தாரிடம் நேரில் கேளுங்கோ. பாஷை கஷ்டம் என்றால் எங்கட சங்கத்து இளைஞர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. விடை பிடிக்காவிட்டால் பிள்ளையின் முகத்தைப் பார்த்து "இல்லை" என்று சொல்லுங்கோ. அழட்டும், கத்தட்டும், கதவை அடிச்சுச் சாத்தட்டும். அது வீட்டுக்குள்ளே நடக்கட்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். அப்பா, அம்மா "பிறகு பாப்பம்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதேங்கோ. இரண்டாம் தரமும் கேளுங்கோ. எங்களுக்குப் பயம் கூட. அது உங்களில் நம்பிக்கை இல்லாததால் வாற பயம் இல்லை.

போன மாதம் என் பேத்திக்கு ஹாண்ட்போல் கழகத்தில் சேர ஒரு படிவம் வந்தது. எட்டு வயது. மகன் அதை வாசித்து, அவளையும் கேட்டு, மேசையில் வைத்தே கையெழுத்து வைத்தான். செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி. கூட்டிக்கொண்டு போறது நான்தான். இப்ப எனக்கு குசினி வேலை இல்லை, பென்சன். ஒரு பயிற்சியும் தவறவில்லை. வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் எறிகிற பந்தில் பாதி வலைக்கு வெளியேதான் போகுது. போகட்டும்.

பிறந்திருக்கும் புத்தாண்டு உங்கள் எல்லோர் வீட்டிலும் பேச்சும் சிரிப்பும் நிறைந்த ஆண்டாக அமையட்டும்.